செவலைக்கு ஷாம்பு போட்ட வாரம்

சனிக்கிழமை

ஒஹாயோவுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. கொலம்பஸிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, சோளக்காடும் சோயாக்காடுமாகக் கிடக்கிற ஊரில் மகள் வீடு. ஒன்றரை ஏக்கர் நிலம், பின்னால் ஒரு கூண்டு, அதில் ஆறு கோழி. இதுவரை அருவி, அருங்காட்சியகம், மால் என்று காட்டிக் களைத்துப்போன மகள், "அப்பா, அடுத்த வாரம் கவுண்டி ஃபேர். உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். பேத்தி தன் கோழியைப் போட்டிக்கு நிறுத்துகிறாளாம்.

நான் 34 வருஷம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன். கோபி பக்கத்தில் நான் ஊசி போடாத எருமை குறைவு. பிடிக்குமா என்று கேட்க வேண்டுமா?

கவுண்டி என்பது நம் கணக்கில் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் ஒன்று. இந்த மாநிலத்தில் 88 இருக்கின்றன. கோடையில் ஆரம்பித்து அக்டோபர் வரை, ஒன்று முடிய இன்னொன்று என்று திருவிழா போல ஃபேர் என்கிற விவசாயக் கண்காட்சி நடக்கும். எங்கள் கவுண்டி எது என்று எழுதக்கூடாது என்பது பேத்தியின் கட்டளை. "என் பேரும் வேண்டாம் அப்புச்சி. கோழி பேர் போட்டுக்குங்க." கோழிக்கு அவள் வைத்த பேர் மேப்பிள். எனக்கு அது செவலை.

செவலை சாதாரணக் கோழி இல்லை. பக்கை என்ற இனம். இதே ஒஹாயோவில், வாரன் என்ற ஊரில், நெட்டி மெட்காஃப் என்ற பெண்மணி உருவாக்கியது. பிளிமத் ராக், கொச்சின் இரண்டையும் கலந்து, அதில் சண்டைக்கோழி ரத்தத்தையும் சேர்த்தாராம். அமெரிக்கக் கோழி இனங்களில் ஒரு பெண் உருவாக்கியது இது ஒன்றுதான் என்கிறார்கள். கொண்டையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. ரம்பம் மாதிரி நிற்காமல், தலையோடு ஒட்டிய பட்டாணிக் கொண்டை. நம்மூர்ச் சண்டைச் சேவலுக்கும் இதேதான். பனிக்காலத்தில் நீட்டிய கொண்டை குளிரில் கருகிவிடும், இது கருகாது என்பதற்காக அந்த அம்மாள் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று பேத்தி விளக்கினாள். பதினொரு வயசு. அவளுக்கு நான் கோழி சொல்லித்தரலாம் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

கோழிக்குக் குளியல். மூன்று பக்கெட் வரிசையாக வைத்தார்கள். முதலாவதில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஷாம்பும். இரண்டாவதில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீர், சோப்பு போக. மூன்றாவதில் நல்ல தண்ணீர். செவலை முதல் பக்கெட்டில் ரகளை செய்தது, இரண்டாவதில் அடங்கியது, மூன்றாவதில் கண்ணை மூடித் தூங்கியே விட்டது. பிறகு தலை காய வைக்கும் டிரையரால் இறகு இறகாக உலர்த்தி, பழைய டூத் பிரஷ்ஷால் நகம் தேய்த்து, கொண்டைக்கும் காலுக்கும் வாஸலின்.

"கல்யாணத்துக்கு எனக்குக்கூட இவ்வளவு செய்யலை" என்றாள் என் மனைவி.

அவளுக்கு இன்றைக்கு வேறு வருத்தம். ஓபன் கிளாஸ் என்று ஒரு பிரிவு உண்டு. குழந்தைகளுக்கு மட்டுமல்ல, கவுண்டியில் குடியிருக்கிற யாரும் வீட்டில் செய்ததைக் கொண்டுபோய் வைக்கலாம். ஜாம், ஊறுகாய், ஆப்பிள் பை, ரொட்டி, போர்வை, பின்னல், பூசணிக்காய், ஒரு தட்டு முட்டை, எதுவானாலும். மகள் பேரில் பதிந்து, தன் எலுமிச்சங்காய் ஊறுகாயைக் கொடுப்பதென்று ஒரு மாசமாக வெயிலில் வைத்து எடுத்திருந்தாள். மகள் விதிப் புத்தகத்தை இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தாள். ஜாடியில் அடைக்கிற பண்டத்துக்கு, பரிசோதனைக்கூடத்தில் சோதித்த செய்முறை எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட கண்ணாடி ஜாடி, இரண்டு துண்டு மூடி, மேலே விட வேண்டிய இடைவெளி, கொதிநீரில் எத்தனை நிமிஷம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு.

"எங்கம்மா செஞ்சதுதான் செய்முறை. அம்பது வருஷமா சாப்பிட்டு யாரு செத்தாங்க?"

நான் நடுவில் வாய் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். காற்றுப் புகாத ஜாடிக்குள், புளிப்புப் போதாவிட்டால், போட்டுலிசம் கிருமி விஷம் கக்கும். புளிப்பு குறைந்து பிஎச் அளவு 4.6-க்கு மேலே போனால் ஆபத்து. அதனால்தான் இந்த ஊரில் அவ்வளவு கெடுபிடி. எலுமிச்சையில் புளிப்புக்குக் குறைவில்லை, உன் ஊறுகாய்க்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நீதிபதிக்கு அது எப்படித் தெரியும் என்றேன். அவள் ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களையில் அரிசி மாவு சலிக்கிற சத்தம் கேட்டது. கை முறுக்கு.

திங்கட்கிழமை

ஃபேர் மைதானம். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைகள்: மாட்டுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று, முயலும் கோழியும் சேர்ந்து ஒன்று. ஒரு பக்கம் ராட்டினங்கள். இன்னொரு பக்கம் கேம்பர் வண்டிகள் தெருவாகவே நிற்கின்றன. மாடு வைத்திருக்கிற குடும்பங்கள் வாரம் முழுக்க அங்கேயே குடித்தனம். காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் ரப்பர் பூட்ஸோடு சாணி அள்ளுகிறார்கள்.

கோழியை உள்ளே விடும் முன் ஒரு மேஜையில் சோதனை. புல்லோரம் என்கிற, குஞ்சுகளைக் கொல்லும் கிருமி நோய் இல்லை என்ற சான்றிதழ், கால் வளையம், பேன் இருக்கிறதா என்று இறகை விலக்கி ஒரு பார்வை. புல்லோரத்துக்கு இந்த நாட்டில் 1935-லிருந்தே தேசியத் திட்டம் இருக்கிறது. ஒரு சின்ன வேடிக்கை: இங்கே பழைய புத்தகங்களில் புல்லோரத்தை வெள்ளைக் கழிச்சல் என்ற அர்த்தத்தில்தான் எழுதியிருப்பார்கள். நாம் வெள்ளைக் கழிச்சல் என்றால் ராணிக்கெட். இரண்டும் வேறு. அந்த மேஜைக்காரரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன், மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வரிசை நீளம்.

2015-ல் பறவைக் காய்ச்சல் பயத்தில் ஒஹாயோ முழுக்க அந்த வருஷத்துப் பறவைக் கண்காட்சிகளை எல்லாம் ரத்து செய்தார்கள். அந்த வருஷம் கோழி வளர்த்துவிட்டுக் கூண்டு காலியாக நின்ற பிள்ளைகள் இன்றைக்குப் பெரியவர்களாகி, பக்கத்துக் கூண்டில் தம்பி தங்கைக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் அதை நேற்று நடந்தது போலச் சொன்னார்.

முறுக்கைக் கொடுக்கிற இடத்தில்தான் கூத்து. காகிதத் தட்டில் ஆறு, எல்லாம் ஒரே அளவு, மேலே பிளாஸ்டிக் பை. முறுக்கை எந்த வகுப்பில் சேர்ப்பது? குக்கீ இல்லை, ரொட்டி இல்லை, மிட்டாய் இல்லை. மேஜையிலிருந்த இரண்டு பாட்டிமார்களும் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கையாலயே சுத்தினதா?" என்று ஒருத்தர் கேட்டார். மனைவி காற்றில் விரலைச் சுழற்றிக் காட்டினாள். அந்த அம்மாளும் அதே மாதிரி சுழற்றிப் பார்த்தார். கடைசியில் "மற்ற பலகாரம்" என்ற வகுப்பில் போட்டார்கள். நுழைவுக் கட்டணத்தை விடப் பார்க்கிங் அதிகம்.

செவ்வாய்க்கிழமை

இன்றைய பதிவு நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோழிப் போட்டி இரண்டு மாதிரி. ஒன்றில் கோழிக்கு மார்க். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1874-லிருந்து ஒரு தரப் புத்தகம் வெளியிட்டு வருகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் கொண்டை, கண், கால் நிறம், எடை, வால் சாய்வு என்று இலக்கணம். நீதிபதி கையில் கோழி, மனசில் அந்தப் புத்தகம். செவலைக்கு மூன்றாவது. காரணம் எனக்கு முந்தா நாளே தெரியும், சொல்ல மனசு வரவில்லை. செப்டம்பர் மாசம் இறகு உதிர் காலம், வாலில் இரண்டு இறகு போய்விட்டது. ஷாம்பு என்ன செய்யும்?

இன்னொன்று பிள்ளைக்கு மார்க். இதற்கு ஷோமேன்ஷிப் என்று பேர். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் நீள மேஜையில் ஆளுக்கொரு கோழியோடு நிற்கிறார்கள். நீதிபதி ஐம்பது வயசுக்காரர், பேஸ்பால் தொப்பி, சத்தம் போடாத குரல். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஐந்து நிமிஷமாவது நின்றார். கூண்டிலிருந்து எடுத்துக் காட்டு. தலை முதலில் வரணும். இறக்கையை விரி. கவிழ்த்து மார்பெலும்பைத் தடவு. இப்போது கேள்வி.

"இந்தக் கோழி முட்டை போடுதுன்னு எப்படிச் சொல்லுவ?"

பேத்தி கோழியைத் திருப்பி, வால் அடியில் இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவில் விரல் வைத்துக் காட்டினாள். மூன்று விரல் நுழைந்தால் முட்டை, ஒன்றுதான் நுழைந்தால் இல்லை. அதை ஆகஸ்டில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது கவுந்தப்பாடியில் கோழி விற்ற ஒரு அம்மாள், எந்தப் புத்தகமும் இல்லை. நீதிபதி தலையாட்டினார். நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"குஞ்சு பொரிக்க எத்தனை நாள்?" இருபத்தொண்ணு. "இனம் எங்கே உருவானது?" வாரன், நெட்டி மெட்காஃப், கடகடவென்று. "இறக்கை நுனியில் எத்தனை பெரிய இறகு?"

பன்னிரண்டு என்றாள்.

அவர் தப்பு என்று சொல்லவில்லை. அடுத்த பிள்ளைக்கும் போகவில்லை. "எண்ணிப் பார்க்கலாமா?" என்று செவலையின் இறக்கையை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார். அவள் விரலால் தொட்டு எண்ணினாள். பத்து. பத்துக்கு அப்புறம் ஒரு குட்டி இறகு, அதைத் தாண்டினால் அடுத்த வரிசை. "அந்தக் குட்டியிலிருந்துதான் ரெண்டு பக்கமும் கணக்கு. இனி மறக்க மாட்டாய்" என்றார்.

கோழி இறக்கையை விரித்து, தோல் மடிப்பில் அம்மை ஊசி குத்தியது எத்தனை ஆயிரம் முறை என்று எனக்கே கணக்கில்லை. அந்த இறகுகளை நான் ஒரு தடவைகூட எண்ணியதில்லை.

வகுப்பில் அவளுக்கு நான்காவது. முகம் வாடியது, ஆனால் அழவில்லை. காரில் வரும்போது நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் இறங்கியதும் மீதி ஐந்து கோழிக்கும் எண்ணிப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் பத்து.

புதன்கிழமை

முறுக்குக்குச் சிவப்பு ரிப்பன்!

மனைவி மகிழ்ச்சியில் மூன்று பேருக்கு வீடியோ கால் போட்டு, "முதல் பரிசு" என்று சொல்லி முடித்த பிறகுதான் மகள் மெதுவாகச் சொன்னாள். இங்கே நீலம்தான் முதல். சிவப்பு இரண்டாவது, வெள்ளை மூன்றாவது. "மங்கலமான கலரை ரெண்டாவதுக்குக் குடுப்பாங்களா? என்ன ஊருடி இது" என்றாள். திரும்ப யாருக்கும் கூப்பிட்டுத் திருத்தவில்லை. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் மன்னிக்கவும்.

தட்டில் ஐந்து முறுக்கைக் காணோம். காட்சிக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்து மீதியை எடுத்துவிடுவார்களாம். பக்கத்தில் ஒரு சீட்டு, நீதிபதியின் கையெழுத்தில்: மொறுமொறுப்பு மிக நன்று, சுற்று ஒரே சீர், உள்வட்டம் வெளிவட்டத்தை விட வெளுத்திருக்கிறது, எண்ணெயின் சூட்டைக் கவனிக்கவும். கீழே ஒரு கேள்விக்குறியோடு: இந்த மசாலா என்ன?

பெருங்காயமும் சீரகமும். அதை விடுங்கள். உள்வட்டம் வெளுப்பு என்பதைப் படித்ததும் அவள் அமைதியாகிவிட்டாள். "நெசந்தானுங்க. இங்க இருக்கற அடுப்பு சூடு கொஞ்சம் லேட்டாத்தான் ஏறுது. நானும் பாத்தேன்." நாற்பது வருஷமாக எங்கள் வீட்டு முறுக்கைச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம், அல்லது காலி செய்திருக்கிறோம். உள்வட்டத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை.

முதல் பரிசு வாங்கியது பாதாம் போட்ட இத்தாலிய ரஸ்க். அதற்கும் ஒரு சீட்டு: துண்டுகள் சமமில்லை. அதைப் படித்துவிட்டு அவளுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

சாயங்காலம் ஃபன்னல் கேக் வாங்கினோம். மாவைக் கொதிக்கிற எண்ணெயில் கிறுக்கி, மேலே சர்க்கரைப் பொடி. "ஜாங்கிரி புழிஞ்சு பாகுல போட மறந்துட்டாங்க" என்பது அவள் தீர்ப்பு. எலுமிச்சையைச் சர்க்கரையோடு டப்பாவில் போட்டுக் குலுக்கித் தருகிற லெமன் ஷேக்கப் பரவாயில்லை.

வியாழக்கிழமை

பால் ஆடுகள், பிறகு பால் கிடாரிகள். வட்டமாக நடக்கவிட்டு, நிறுத்தி, தொட்டு, திரும்ப நடக்கவிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். நானும் பெஞ்சில் உட்கார்ந்து என் வரிசையை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். ஆட்டில் ஐந்துக்கு மூன்று சரி.

இதில் நல்ல விஷயம், வரிசைப்படுத்திய பிறகு நீதிபதி மைக்கை எடுத்துக் காரணம் சொல்ல வேண்டும். இந்த ஆடு முதலில் நிற்பது மடி உயரமாக, வயிற்றோடு ஒட்டியிருப்பதால். இரண்டாவதுக்கு முதுகு நேர், ஆனால் பின்கால் ஒடுக்கம். எல்லோர் முன்னாலும், ஆட்டின் சொந்தக்காரப் பிள்ளை கேட்க. என் நான்காவது அவருக்கு முதலாவது. காரணம் கேட்டதும் அந்த ஆட்டின் மடியைத் திரும்பப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நம் பக்கம் மாடு பார்க்கும்போது சுழி பார்ப்போம். இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், அது ஆகாது. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. அதற்காகச் சுழி பார்க்காமல் நானும் மாடு வாங்கியதில்லை, அது வேறு.

மருந்துக் கணக்கு இன்னும் கடுமை. பிராணிக்கு ஊசி போட்டால், எந்த மருந்து, என்றைக்கு, இறைச்சிக்கு எத்தனை நாள் விலக்கு என்று ஒரு படிவம். பிள்ளைகள் வருஷா வருஷம் தரப் பயிற்சி வகுப்புக்குப் போய் வர வேண்டும். 1994-ல் ஒஹாயோ மாநில ஃபேரில் பரிசு வாங்கிய சில காளைகளுக்குச் சதை பிடிக்க கிளென்பியூட்டரால் என்ற மருந்தைக் கொடுத்திருந்தது அம்பலமாகி, பெரிய அவமானம். கெடுபிடி அதற்கப்புறம் இறுகியது. பரிசு என்று வந்துவிட்டால் பெரியவர்கள் எங்கேயும் பெரியவர்கள்தான்.

பிள்ளைகளின் இந்தப் போட்டிகளை நடத்துவது 4-எச் என்ற இயக்கம். பச்சை நிற நான்கிதழ் இலை, ஒவ்வொன்றிலும் ஓர் எச்: தலை, இதயம், கை, ஆரோக்கியம். அதன் தொடக்கமும் இதே மாநிலம்தான். கொலம்பஸுக்கு மேற்கே ஸ்பிரிங்ஃபீல்டில், 1902 ஜனவரி 15 அன்று, ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சுமார் முப்பது பிள்ளைகளை நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் கூட்டினார். வீட்டு நிலத்து மண்ணை லிட்மஸ் தாளால் சோதித்து வா, சோள விதையைப் பொறுக்கி நட்டுப் பார். வீட்டுப்பாடம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை

ஏலம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஆடி மாசம் நான் தவறாமல் போவேன். அங்கே விலை பேசுவது துண்டுக்குள்ளே. தரகர் துண்டைப் போர்த்தி விரலைப் பிடிப்பார், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. இங்கே ஏலக்காரர் மூச்சு விடாமல் மைக்கில் பாடுகிறார். எனக்கு ஓர் எண்கூடப் பிடிபடவில்லை. வாங்குகிறவர்கள் உள்ளூர் ஆட்கள்: தீவனக்கடை, வங்கி, பல் மருத்துவர். சந்தை விலையை விட நல்லாவே ஏற்றிக் கேட்கிறார்கள். அந்தப் பணம் பிள்ளைக்கு, பெரும்பாலும் கல்லூரிச் செலவுக்கு. வாங்கினவருக்குப் பிள்ளை கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும், அதுவும் விதி.

பேத்தியின் 4-எச் கிளப்பில் ஒரு பையன், பதிமூன்று வயசு இருக்கும். வாரம் முழுக்க எங்களுக்கு வழி காட்டினது அவன்தான். அவன் பன்றி நல்ல விலைக்குப் போனது. கைதட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டே வெளியே ஓட்டிப் போனான். பத்து நிமிஷம் கழித்துக் கொட்டகைப் பக்கம் போனபோது, பன்றியோடு வைக்கோலில் படுத்திருந்தான். அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு. அப்பா கொஞ்ச தூரத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, போனைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். போன் அணைந்திருந்தது.

கறிக்கு என்று பதிந்த பிராணி கறிக்குத்தான். லாரி ராத்திரி வரும். இது பிள்ளைக்கு நல்லதா என்று மகளும் மாப்பிள்ளையும் வழியெல்லாம் வாதம் செய்தார்கள். நான் கலந்துகொள்ளவில்லை. வளர்த்த கிடாயைக் கோயிலுக்கு விட்டுவிட்டு, விருந்தில் உட்காராமல் தோட்டத்துக்குள் போய் நின்ற ஒரு பையனை எனக்கும் தெரியும். அவனுக்கு இப்போது அறுபத்தாறு வயசு, ஒஹாயோவில் டயரி எழுதுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை

நேற்று எழுத முடியவில்லை. அலுப்பு.

கோழிகளை இன்றைக்குத்தான் வெளியே விட்டார்கள். பன்றிக் கொட்டகை காலி. கழுவி விட்டிருந்தார்கள். அந்தப் பையன் தன் சாமான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மனைவி ஒரு டப்பா முறுக்கைக் கொடுத்தாள், புதுசாகச் சுட்டது. உள்வட்டமும் சிவந்திருந்தது. ஒன்றைக் கடித்துவிட்டு, "இதுக்கு நீலம் கொடுத்திருப்பாங்க" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சச்சரவு. பேத்தி செவலையை நேராகக் கூண்டில் விடப் போனாள். நான் விடவில்லை. ஊர்க்கோழி எல்லாம் சேர்ந்த இடத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்திருக்கிறது, என்ன கிருமி ஒட்டியிருக்கிறதோ. குறைந்தது இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும், மற்ற கோழிகளுக்குத் தீவனம் வைத்த பிறகுதான் இதற்கு வைக்க வேண்டும், செருப்பும் வேறு. என் உத்தியோகக் குரல் வந்துவிட்டது. பேத்தி முகத்தைத் தூக்கிக்கொண்டாள். பிறகு தன் 4-எச் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து, "சரிதான் அப்புச்சி, போட்டிருக்கு" என்றாள். புத்தகத்தில் இருந்ததால் பிழைத்தேன்.

தனி இடம் என்றால் இந்த வீட்டில் கார் நிறுத்துகிற கராஜ் ஒன்றுதான். இப்போது மணி பத்து. செவலை அங்கே மரப்பெட்டி மேலே ஏறித் தூங்குகிறது, பக்கத்துச் சுவரில் வெள்ளை ரிப்பன். மாப்பிள்ளையின் கார் வெளியே பனியில் நிற்கிறது. இன்னும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.